எந்தப் பக்கம் திருப்பணும்?

“இந்த சிலிண்டரைத் திறக்கக்கூடத் தெரியாதா உனக்கு?”

ஸ்டாஃப் நர்ஸ் கத்தரினின் குரல் வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்டது.

கத்தரின் நீட்டிய சாவியை நவமணி சிலிண்டரில் பொருத்திக்கொண்டிருந்தாள். கட்டிலில் ஐயாவு தாத்தா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன விரல்கள் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. டாக்டர் பக்கத்திலேயே நின்றார்.

“சாவி மாட்டிட்டேன். எந்தப் பக்கம் திருப்பணும்?”

கத்தரின் அவளைத் தோளால் ஒதுக்கிவிட்டுச் சாவியை ஒரு திருப்புத் திருப்பினாள். உஸ்ஸென்று ஆக்சிஜன் வந்தது. தாத்தாவின் நெஞ்சு மெல்ல அடங்கியது.

ஈப்போவில் அந்தத் தனியார் மருத்துவமனையில் நவமணி வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பயிற்சி எடுத்த இடத்தில் ஆக்சிஜன் சுவர்க் குழாயில் வரும். இங்கே பழைய சிலிண்டர். சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு வார்டைப் பழக்கிவிடுவது கத்தரினின் பொறுப்பு. அவள் இதுவரை பழக்கிவிட்டது பெட்பேன் கழுவும் இடத்தை மட்டும்தான்.

மருந்து அறையில் நவமணி மெதுவாகச் சொன்னாள்.

“ஒரு தடவை காட்டிக் குடுத்திருந்தா நானே திறந்திருப்பேன், அக்கா.”

“அக்காவா? நான் உனக்கு ஸ்டாஃப் நர்ஸ். எல்லாத்தையும் ஊட்டி விடுவாங்களா? பார்த்துக் கத்துக்கணும்லா.”

“சாவி எப்பவும் உங்க பாக்கெட்லதானே இருக்கு. எப்படிப் பார்க்கிறது?”

“வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது. எனக்கு யாரு காட்டுனா? நான் கத்துக்கல?”

மத்தியானம் வார்டு சிஸ்டர் இருவரையும் கூப்பிட்டார்.

“என்ன கத்தரின், இந்தப் பொண்ணைத் தனியா டியூட்டில விடலாமா?”

“சிலிண்டரே திறக்கத் தெரியல, சிஸ்டர். தோட்டத்துக் குடும்பத்துப் பொண்ணு. எத்தனை தடவை சொல்லிக் குடுத்தாலும் ஏற மாட்டேங்குது.”

எத்தனை தடவையா! நவமணிக்குக் காது சுட்டது. வாயைத் திறப்பதற்குள் சிஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“வெள்ளிக்கிழமை கத்தரின்கிட்ட மறுபடி கேட்பேன். அப்பவும் இதையே சொன்னா, உன்னை வேலையில வச்சுக்க முடியாதும்மா.”

பஸ்ஸில் வழி நெடுக நவமணி வாய்க்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு வந்தாள். குனோங் ராபாட்டில் இறங்கி, வீட்டு வாசலில் ஷூவை உதறியதுமே வெடித்தாள்.

“காட்டாமலே எப்படிம்மா தெரியும்? பொறக்கும்போதே கத்துக்கிட்டா வாரோம்?”

நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். நவமணி ஒன்று விடாமல் கொட்டினாள்.

“காட்டுனா அவ கையி தேஞ்சா போயிரும்?” என்றாள் அம்மா.

“அதைத்தான் நானும் கேக்குறேன்! ஒரு நிமிஷம் நின்னு, இந்தப் பக்கம் திருப்புன்னு சொன்னா என்ன குறைஞ்சிரும்? அந்தக் கத்து கத்துறா. டாக்டரு, அட்டெண்டன், பார்க்க வந்த ஜனம் எல்லாம் என்னையே பாக்குறாங்க.”

“யாரும் கேக்கலையா?”

“ஐயாவு தாத்தாதான், மூச்சு வந்ததும் முதல் வேலையா, ‘வுடு மிஸ்ஸி, எங்க தோட்டத்துல வெரட்டி வேலை வாங்குற மண்டோரே தேவலாம்’னாரு.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நவமணிக்கு வரவில்லை.

“சிரிக்காதம்மா. வெள்ளிக்கிழமை வேலை போயிரும். அவளும் ஒரு நாள் புதுசாத்தானே வந்திருப்பா? அன்னிக்கு நின்ன நிலையை எப்படி மறந்தா?”

“நல்ல மனசு இல்லாதவ. வுடு.”

“எப்படி வுடறது? நாளைக்கு எனக்குக் கீழ ஒருத்தி வரட்டும், அவளை எப்படி வச்சுக்கிறேன்னு பாரு.” பேசிப் பேசித் தொண்டை வறண்டிருந்தது. “டீ எங்கே?”

“ஒங்க அண்ணி போடுறா. போயி ரொம்ப நேரமாச்சு.”

நவமணி அடுப்படிக்குப் போனாள்.

அண்ணி வீரம்மா காஸ் அடுப்பின் முன்னால் தீப்பெட்டியோடு நின்றாள். காலடியில் எரிந்து அணைந்த குச்சிகள் கிடந்தன. தை மாதம் கல்யாணமாகி சுங்கை சிப்புட் தோட்டத்திலிருந்து வந்தவள். அங்கே விறகடுப்பு. இங்கே பழைய சிலிண்டர் தீர்ந்து, அன்றைக்குத்தான் கடைக்காரர் புதியதை மாட்டி, திருகை மூடி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

“பத்தவே மாட்டேங்குது, மணி.”

நவமணி குனிந்து பார்த்தாள்.

“என்னா அண்ணி நீங்க! இந்த சிலிண்டரைத் திறக்கக்கூடத் தெரியாதா உங்களுக்கு?”

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். வீரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“எந்தப் பக்கம் திருப்பணும்?”

நவமணி அவளைத் தோளால் ஒதுக்கிவிட்டுத் திருகை ஒரு திருப்புத் திருப்பினாள். தீப்பெட்டியை வாங்கி உரசினாள். அடுப்பு நீலமாக எரிந்தது.

“வந்து எத்தனை மாசமாச்சு? பார்த்துக் கத்துக்கணும்லா,” என்றாள். “எனக்கு சீனி கம்மியா போடுங்க.”

திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எங்கம்மா வுட்டேன்? ஆங், அந்தக் கத்தரின்! அவளெல்லாம் ஒரு மனுஷியா, நீயே சொல்லு!”