நாலாம் வகுப்புக் காகிதப் பணம்

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் வாரத்தில் பிள்ளைகள் கூலிக்குப் போய்ப் பாதி வகுப்பு காலியாகிவிடும். இந்த வருஷமாவது பிள்ளைகளைப் பிடித்துவைக்க, ஸ்டீபன்ராஜ் சார் நாலாம் வகுப்புக்கென்று காகிதப் பணம் அடித்தார். போர்டு துடைத்தால், தண்ணீர் பிடித்தால் கூலி. வெள்ளிக்கிழமை வகுப்பிலேயே கடை.

மூன்று வாரமாகியும் ஒரு ரப்பர்கூட விற்கவில்லை.

"விலை ஜாஸ்தியா வெச்சிட்டனா?" என்று வகுப்புத் தலைவி வெனிலாவைக் கேட்டார்.

"இல்ல சார், எல்லாரும் சேத்துக்கினு இருக்கோம்."

சேமிக்கவும் கற்றுக்கொண்டார்களே என்று அவருக்குப் பெருமை.

அறுவடை தொடங்கும் நாள் காலையில் வெனிலா காகிதப் பணத்தில் அறுபது ரூபாயை மேசையில் வைத்தாள்.

"என்னம்மா வேணும்?"

"ஆறு நாள் மல்லாட்டை பிடுங்கப் போறேன் சார். வரலன்னா ஒரு நாளைக்குப் பத்து ரூபா ஃபைன்னு சொன்னீங்க இல்ல? முன்னாடியே கட்டிடறேன்."

அவளுக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது.

"ஜல்தி வாங்கிக்குங்க சார், கொல்லைக்குப் போற வேன் வந்துடும்!"