அனுப்பி வைத்த மகள்

தலை ஆடிக்கு அழைத்து வந்த மகள் தேவிகா, ஆவணி பிறந்தும் புகுந்த வீடு திரும்பவில்லை. ராணிப்பேட்டையில் அந்த வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர். தனிவீடு பார்த்தால்தான் போவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் அப்படி வந்து உட்கார்ந்ததில்லை.

பால் சொசைட்டியில் பங்காளி ராஜவேலு சிரித்தான். “இன்னாண்ணா, பொண்ணு இங்கியே கீறாளா? மாப்ள வூட்ல எடம் இல்லியா?”

“இப்பதான் பள்ளிகொண்டாவுல பஸ் ஏத்திட்டு வர்றேன்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும், யார் கண்ணிலும் படாமல் வேர்க்கடலை மூட்டை அறையில் இருக்கும்படி தேவிகாவிடம் சொன்னேன். போனாள்.

மதியம் அவள் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மருமகன் சூரியபிரகாஷ் போன் செய்தார்.

“மாமா, தேவிகா வந்து சேர்ந்துட்டா. நீங்க கவலப்படாதீங்க.”

மூட்டை அறையில் தேவிகாவின் வளையல் சத்தம் கேட்டது.

“அவகிட்ட குடுங்க மாப்ளே.”

“நல்லா கீறேன்பா” என்றது போனில் என் மகளின் குரல். “பஸ்ல கூட்டமே இல்ல. இனிமே இங்கியே இருந்துக்கறேன்.”

“சரிம்மா” என்று வைத்தேன்.

“யாருப்பா போன்ல?” என்று அறையிலிருந்து தேவிகா கேட்டாள்.

எழுந்துபோய் அந்த அறையின் வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன்.