தண்ணீர்த் தொட்டி வரைக்கும்

“இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க கண்ணு. தாங்குவாரு,” என்றாள் பொன்னம்மாள்.

கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது அவள் கணவர் சின்னராசுவின் கால்களில். இரண்டு தொடையிலும் ஒட்டியிருந்த பட்டைகளிலிருந்து ஒயர்கள் ஒரு சின்னப் பெட்டிக்குப் போயின. பெட்டி விட்டு விட்டு அனுப்பிய கரண்டில் தொடைச் சதை தானாக இறுகித் தானாகத் தளர்ந்தது.

பெட்டியைக் கொண்டுவந்தவள் பூங்குழலி. மலைமேல் குண்டூர் நாட்டு ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். கரண்டின் அளவைக் கூட்டாமல், கூட்டியதுபோல் பெட்டியின் மேல் விரலை வைத்து எடுத்தாள்.

சின்னராசு இருபத்திரண்டு வருஷம் மலையடிவாரத்தில் கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்தவர். தூசியும் பீடியும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. பத்தடி நடந்தால் மூச்சு இளைக்கும். இளைப்புக்குப் பயந்து கட்டிலிலேயே கிடந்ததில் கால்கள் குச்சியாகிவிட்டன.

நுரையீரலைப் பழையபடி ஆக்க முடியாது, காலைத் தேற்றலாம் என்று பூங்குழலி முதல் நாளே சொல்லியிருந்தாள். காலில் பலம் வந்தால் இருக்கிற மூச்சை வைத்தே இன்னும் கொஞ்ச தூரம் நடக்கலாம். ஆனால் கரண்ட் மட்டும் போதாது. அது ஓடும்போதே நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும்.

சின்னராசு எட்டாவது முறை எழுந்தார். நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. அவர் விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு இது போதும் என்றாள் பூங்குழலி.

“பத்து ஆவட்டும்,” என்றாள் பொன்னம்மாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே.

சின்னராசு மூச்சு கொஞ்சம் அடங்கும்வரை நின்றார். பிறகு உட்கார்ந்து எழுந்து, பத்தை முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

பூங்குழலிக்கு அந்த அம்மாளைப் பிடிக்கவில்லை. மற்ற வீடுகளில் மனைவிமார் பட்டையை ஒட்டும்போதே கண் கலங்குவார்கள். வலிக்குமா என்று நாலு தடவை கேட்பார்கள். இவள் என்னடாவென்றால் உட்கார்ந்த இடத்திலிருந்து வேலை ஏவிக்கொண்டிருக்கிறாள்.

போன மாதத்திலிருந்து அவருக்குக் காப்பியைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதையும் நிறுத்திவிட்டாள். அடுப்படிவரை அவரே நடந்து வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். குடித்த டம்ளரையும் அவரே கழுவ வேண்டும்.

போன வாரம் பூங்குழலி வந்தபோது, சின்னராசு ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார். பொன்னம்மாள் எழுந்திருக்கவில்லை. எவ்வளவு உப்பு, எப்போது இறக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குக் கிளம்பும்போது வாசலில் பூங்குழலியை நிறுத்தி ஒன்று கேட்டாள்.

“தண்ணித் தொட்டி வரைக்கும் போயி, இவரே ஒரு கொடம் கொண்டாந்துருவாருங்களா? எத்தன நாளு ஆவும்?”

வீட்டிலிருந்து தொட்டி இருநூறு அடி இருக்கும், வரும்போது மேடு. போய்வரப் பழகவே நாலு மாதம் ஆகும், குடமெல்லாம் இவர் தூக்கக் கூடாது என்று பூங்குழலி சொன்னாள். பொன்னம்மாள் விரல்விட்டு எதையோ எண்ணினாள்.

“அதுக்கும் முன்னால ஆவாதுங்களா, கண்ணு?”

ஆகாது என்றாள் பூங்குழலி, கொஞ்சம் கடுமையாகவே. பிள்ளைகள் இல்லாத வீடு. சாகக் கிடந்து எழுந்த மனுஷனிடம் தண்ணீர் சுமக்கச் சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள்.

இன்றைக்கும் அதே எரிச்சல் மூண்டது. பொன்னம்மாள் வளையல்களை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தாள். கோழியை விரட்டிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனாள். போகிற போக்கில், நாளையிலிருந்து அரிசி களைவதும் உங்கள் வேலைதான் என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பூங்குழலி பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சின்னராசுவின் உதடு இன்னும் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் கால் முன்னைவிட இறுகியிருந்தது. இரண்டு மாதத்தில் இவ்வளவு தேறிய ஆள் அவள் பார்த்தவர்களில் வேறு யாரும் இல்லை. ஒரு நாளாவது அவர் முடியாது என்று சொன்னதில்லை.

“ஐயா, பயிற்சி வேற, வேலை வாங்கறது வேற,” என்றாள். “உங்க உடம்புக்கு இது ஆகாது. அம்மா வரட்டும், நான் இன்னிக்குக் கண்டிச்சுச் சொல்லிடறேன்.”

சின்னராசு வேகமாகக் கையை ஆட்டினார். பேச மூச்சு சேரவில்லை. தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். வெளியே கோழி விரட்டும் சத்தம் கேட்டது. அது கொஞ்சம் தள்ளிப் போகும்வரை காத்திருந்தார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கிச் சொன்னார்.

“வேண்டாஞ் சாமி. அவளுக்கு இனி ரெண்டு மாசந்தான்னு சேலத்துல டாக்டரு சொன்னது, எனக்குத் தெரியாதுன்னு அவ நெனச்சுக்கிட்டிருக்கா.”