ஒரு பேரை மாத்தணும்

இளவரசியின் நாவல் இரண்டாம் பதிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. பம்புசெட்டில் தண்ணீர் குடித்ததற்காகக் காலனி ஆள் ஒருவரை மரத்தில் கட்டிவைத்து அடித்த மிராசுதாரின் கதை அது. மிராசுதாரின் நிஜப் பெயரையே அவள் போட்டிருந்தாள். அந்த வீட்டிலிருந்து ஆள் வரும் என்று உத்திரமேரூரில் பலரும் எச்சரித்திருந்தார்கள்.

அன்று காலை அவள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் கையில் அந்த நாவல் இருந்தது.

"நீங்கதான எழுதனது? இதுல ஒரு பேர மாத்தணும்."

"ஒரு எழுத்தக்கூட மாத்த மாட்டேன்" என்றாள் இளவரசி. "நடந்ததத்தான் எழுதிக்கீறேன். கேஸ் போடறதுன்னா போட்டுக்கோங்க."

"கேஸா? இதப் படிச்சதுலேர்ந்து எங்கப்பாவுக்குத் தூக்கமே இல்ல. வண்டிலதான் கீறாரு. அவராண்டயே பேசுங்க."

'பேசிவிட வேண்டியதுதான்' என்று அவள் விறுவிறுவென நடந்தாள். பின்சீட்டில் இருந்த பெரியவர் கைகூப்பினார். இரண்டு மணிக்கட்டிலும் கயிறு அறுத்த பழைய தழும்பு.

இளவரசி அப்படியே நின்றுவிட்டாள். அவள் பிறப்பதற்கு முன்பே ஊரைவிட்டுப் போன மனிதர்.

"அடிச்சவன் பேர தைரியமா போட்டுட்ட. எனக்கு மட்டும் எதுக்கும்மா முனியன்னு பொய்ப் பேரு? வெக்கப்பட வேண்டியது நானா?" என்றார் அவர். "எம் பேரு ஏகாம்பரம். அதையே போடு."