ஆளைப் படித்த கோப்பு

"போடும்மா கையெழுத்தை. வியாழக்கிழமை அமைச்சர் வர்றார்." பதவியேற்று மூன்றே நாளான ஆய்வகத் தலைவர் பூஅலாம், தரச் சான்றிதழ் வைத்த கோப்பை நீட்டினார்.

பொறியாளர் நசீரா பேனாவைத் தொடவில்லை. "சோலார்ல வர்ற டி.சி. கரன்டை ஏ.சி.யா மாத்துற பெட்டி சார் இது. சஹாரா நடுவுல, அத்ரார் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போகுது. அங்க வெயில் ஐம்பது டிகிரி. இங்க சோதிச்சது குளுகுளு அறையில."

"வெளிநாட்டுல பரிசு வாங்கின டிசைன். குறை சொல்ல நீ யாரு?"

"நேத்து சூடான ஷெட்டுல வச்சு ஓட்டினேன். நாற்பதாவது நிமிஷம் புகைஞ்சு நின்னுபோச்சு. குறைமாசக் குழந்தை அந்தக் கரன்டை நம்பி இன்குபேட்டர்ல கிடந்தா?"

பூஅலாம் மேசையை ஓங்கித் தட்டினார். "அடுத்தவன் பேர் வாங்கினா உனக்கு வயிறு எரியுது. நாளைக்கே உன்னை வேற ஊருக்குத் தூக்கியடிக்கிறேன். அந்த டிசைனரைக் கூப்பிடு, அவரே கையெழுத்து போடட்டும்."

நசீரா கோப்பின் முதல் பக்கத்தைப் புரட்டி அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். "பேரைப் படிச்சுட்டுக் கத்துங்க."

'வடிவமைப்பு: முனைவர் நசீரா பென்தாஹர்.'



"நாலு வருஷம் நான் உசுரைக் கொடுத்துச் செஞ்ச பெட்டி. அதோட குறை எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" என்ற நசீரா, சான்றிதழை இரண்டாகக் கிழித்து மேசைமேல் வைத்தாள்.