இரண்டு சதவீதப் பொருத்தம்

அந்த அடுக்ககத்தில் யாருக்கு யார் நண்பராகலாம் என்பதைக் கணிப்பான் என்ற செயலிதான் சொல்லும். கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு வந்த செண்பகவல்லிக்கு நானூறு வீடுகளில் ஒருவரும் தேறவில்லை. எதிர்வீட்டு ஜுலைகாவோடு பொருத்தம் இரண்டே சதவீதம். ஊர் திரும்ப மறுநாளுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

கடவுள் கொடுத்ததைத் தனியாக உண்ண மனமில்லாமல், அன்று வைத்த பாயசத்தைத் தாழ்வாரத்துத் தானியங்கி வண்டியில் எதிர்வீட்டுக்கு அனுப்பினாள். பதிலுக்குப் பேரீச்சம்பழம் வந்தது, ஆனால் கிண்ணம் அவளுடையதல்ல. வெறும் கிண்ணத்தைத் திருப்பலாமா? கடலை மிட்டாய் வைத்து அனுப்பினாள். வேறொரு கிண்ணத்தில் அல்வா வந்தது. கடைசி அதிரசமும் போனது. தம்ரூட் என்ற ரவை இனிப்பு வரும் வழியில் வண்டி, "சார்ஜ் தீர்ந்தது" என்று பாதியில் நின்றுவிட்டது.

இரண்டு கதவுகளும் திறந்தன.

"அக்கா, என் கிண்ணம் எங்க?"

"எங்கிட்டதான் இருக்கு. குடுத்துட்டா நீ அனுப்பறதை நிறுத்திடுவியே."

செண்பகவல்லிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தம்ரூட் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். "நாளைக்கு ஊருக்குப் போறேன்க்கா."

"போ. அந்தக் கிண்ணத்தைக் குடுத்துட்டுப் போ. வெறுமனேயா குடுப்பே?"

வீட்டில் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. செண்பகவல்லி டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, ரவையை வறுக்கத் தொடங்கினாள்.