டயருக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழம்

விஜிதரனின் பழைய வேன் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டு வாசல் சரிவில் மூக்கைக் கீழே நீட்டி நிற்கிறது. தேய்ந்து வெறும் தகடாகிப்போன பிரேக் பேட்டுகள் கொழுந்துச் சாக்கின் மேல் கிடக்கின்றன; புதியவற்றை மாட்டிச் சக்கரங்களையும் பூட்டிவிட்டான். பனி விலகிய வெயில் அவன் விரல்களின் கிரீஸில் மினுங்குகிறது. உள்ளே அவன் மனைவி புஷ்பகாந்தி பிரேக்கை மிதிக்கிறாள். "தரையத் தொடுதுங்க." "விடாம மிதி, இறுகும்." மிதிக்க மிதிக்க அது அவள் காலை எதிர்த்து நிற்கிறது. முன்டயருக்கு அண்டை கொடுத்த கல்லின் பக்கத்தில், வேலை முடிந்த வண்டிக்கு வைக்கிற எலுமிச்சம்பழத்தை அவள் ஏற்கெனவே வைத்திருக்கிறாள். "அழுத்திப் புடிச்சுக்கிட்டு ஹேண்ட்பிரேக்க எறக்கு" என்றபடி அவன் கற்களை உருவுகிறான். இப்போது டயருக்கு முன்னால் பழம் மட்டும்தான். அவன் நேரே வேனுக்கு முன்னால் போய்க் கைகட்டி நிற்கிறான். "அங்க நிக்காதீங்க, தள்ளிப் போங்க." "நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு இதுலதான பொகவந்தலாவைக்கு எறங்கப் போறேன்? நான் நிக்காம யாரு நிப்பா?" அவள் ஹேண்ட்பிரேக்கை இறக்க, வேன் ஒருமுறை முனகி அடங்குகிறது. அவன் குனிந்து, தோல்கூடக் கசங்காத பழத்தை எடுத்துச் சட்டையில் துடைக்கிறான். "ஹேண்ட்பிரேக்கப் போட்டுட்டு எறங்கு. இத பிளேன்டீல புழிஞ்சு குடு."